ஜேம்ஸ் அரசனின் அகதிக் கேஸ்

யோகராஜாவின் முறை வந்தபோது குகதாசன் மாஸ்ரரிடம் கதைகள் தீர்ந்துபோயிருந்தன.

1995ஆம் ஆண்டு தை மாதம். மாஸ்ரர் மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் முன்னறையில் குடியிருந்தார். கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயில் பூசை முடிந்து, பிரசாதமும் சாப்பிட்டபின் கேஸ் எழுதுவார். கேஸ் என்பது அகதி விண்ணப்பத்தோடு கொடுக்கவேண்டிய வாக்குமூலம். இலண்டனில் வந்திறங்கிய யாழ்ப்பாணத்தான் எவனும் தன் கேஸைத் தானே எழுதியதாகச் சரித்திரம் இல்லை. தன் சாதகத்தைத் தானே பார்க்கக்கூடாது என்பதைப் போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. மாஸ்ரர் ஊரில் பதினாறு வருடம் சரித்திரம் படிப்பித்தவர். ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவார். கூலி வாங்கமாட்டார். ஆட்டிறைச்சிக் கறி கொண்டுபோனால் மட்டும் சட்டியைத் திருப்பி அனுப்பமாட்டார்.

அதுவரை நாற்பத்து மூன்று கேஸ் எழுதியிருந்தார். நாற்பத்து மூன்றிலும் ஒரு முகாம், ஒரு இருட்டறை, அடிப்பதற்கு மண் நிரப்பிய ஒரு குழாய் இருந்தன. அவற்றைப் பொய் என்று யாரும் சொல்லிவிடமுடியாது. எல்லாம் எவனோ ஒருவனுக்கு உண்மையாகவே நடந்தவைதான். ஆனால் நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமையில் நடந்திருக்க வாய்ப்பில்லை என்று ஒரு சட்டத்தரணி கடிதம் போட்டிருந்தார். அரைத்த மாவையே அரைக்கவேண்டாம் என்பதை ஆங்கிலத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தார். மாஸ்ரர் அந்தக் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் யோகராஜா வந்தான். வயது முப்பத்தொன்று. ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறவன். இலண்டனுக்கு வந்து மூன்றரை வருடமாக, அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் ஹோம் ஒஃபிஸ் அவனை மறந்திருந்தது. இப்போது நினைவு வந்து, மாசி மாதம் பதினான்காம் திகதி நேர்முகத்துக்கு வரச்சொல்லி எழுதியிருந்தது. அதில் தேறாவிட்டால் கொழும்புக்கு விமானம். அந்தக் கிழமை இலங்கையில் போர்நிறுத்தம் வேறு. சமாதானம் வந்துவிட்டது, இனி உனக்கென்ன பயம் என்று கேட்பார்கள் என்பதை யோகராஜா அறிந்திருந்தான். கடையில் மரவள்ளிக் கிழங்கு வாங்க வருகிறவர்களே அப்படித்தான் கேட்டார்கள்.

"உமக்கு என்ன நடந்தது?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"எல்லாருக்கும் நடந்ததுதான், மாஸ்ரர்."

"அதைச் சொல்லும்."

"அது சொல்ல ஏலாது. நீங்களே ஏதும் பார்த்து எழுதிவிடுங்கோ."

யோகராஜாவிடம் கதை இல்லாமலில்லை. இருந்த கதையை ஏழு வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான். விமான நிலையத்தில் கேட்டபோது 'பிரச்சினை' என்று ஒரு சொல் சொன்னான். அதையே அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தன் கதையைச் சொல்வதைவிட வேறொருவன் கதையைப் பாடமாக்குவது இலகு என்று அவன் நினைத்தான். அதற்காக அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாஸ்ரர் அன்று மாலையே நூலகத்துக்குப் போனார். வீட்டில் ஹீற்றர் பழுது என்பதால் வழக்கமாகவே அங்கேதான் போய்க் குந்தியிருப்பார். சரித்திரப் பகுதியில், வெப்பக் குழாய்க்குக் கிட்ட இருந்த தட்டில், ஸ்கொட்லாந்து அரசர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று அகப்பட்டது. முதலாம் ஜேம்ஸ் என்ற அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கியவர் நூலகம் மூடும்வரை எழும்பவில்லை.

"யோகு, ஆள் கிடைச்சிட்டுது!" என்று மறுநாள் கடைக்கே வந்து சொன்னார். கையில் புத்தகம். "அறுநூறு வருசத்துக்கு முந்தின ஆள். ஆனால் எங்கட ஆள்தான். அச்சு அசல் அகதி."

வெண்டிக்காய்ப் பெட்டியின்மேல் இருந்தபடி மாஸ்ரர் அந்த அரசனின் வாழ்க்கையைச் சொன்னார். ஜேம்ஸின் தகப்பன் அரசன்தான், ஆனால் நோயாளி. குதிரை உதைத்துக் கால் முடம். நாட்டை ஆண்டது சிற்றப்பன். ஜேம்ஸின் தமையனைச் சிற்றப்பன் ஒரு கோட்டையில் அடைத்துவைத்தார். தமையன் பட்டினி கிடந்து செத்தான். சிற்றப்பன் விசாரணை வைத்து, இயற்கை மரணம் என்று தீர்ப்பும் எழுதுவித்தார். மிஞ்சிய மகனையாவது காப்பாற்றவேண்டும் என்று தகப்பன் பதினொரு வயது ஜேம்ஸைப் பிரான்சுக்குக் கப்பலேற்ற அனுப்பினான். கப்பல் வரும்வரை பையன் கடல் நடுவே ஒரு பாறையில் ஒரு மாதம் காத்திருந்தான். கடைசியில் தோல் ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. அதையும் வழியில் கடற்கொள்ளையர் பிடித்து, பையனை இங்கிலாந்து அரசனிடம் கொடுத்துவிட்டார்கள். செய்தி கேட்ட தகப்பன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தவன், பிறகு அதைத் தொடவேயில்லை. ஜேம்ஸ் இலண்டன் ரவரிலும் வேறு கோட்டைகளிலுமாகப் பதினெட்டு வருடம் இருந்தான். சிற்றப்பன் தன் சொந்த மகனை மட்டும் பணம் கட்டி மீட்டார். இவனை அப்படியே விட்டுவிட்டார்.

யோகராஜா வெண்டிக்காயை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். "பாவம், என்ன," என்றான்.

"பாவமோ? முதல்தரக் கேஸ்!" என்றார் மாஸ்ரர். "இதில என்ன இல்லை? குடும்பப் பகை, பட்டினிக் கொலை, படகுப் பயணம், சிறை. பெயரை மாத்தினால் காணும்."

"கண்டுபிடிச்சிட்டாங்கள் எண்டால்?"

"ஆர் கண்டுபிடிக்கிறது? பிரித்தானியச் சரித்திரம் படிச்சது முழுக்க நாங்கள்தான், யோகு. வெள்ளைக்காரன் எங்கை படிச்சவன்? அவன் அதை எங்களுக்குப் படிப்பிச்சுப்போட்டுத் தான் கிரிக்கெட் விளையாடப் போட்டான்."

இதைச் சொல்லும்போது மாஸ்ரரின் குரலில் பதினாறு வருட அனுபவம் இருந்தது. யோகராஜா நம்பினான். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு கேஸ் தயாரானது. குதிரை காளைமாடானது. அரச குடும்பம் ஊர்த்தலைமை பார்த்த உடையார் குடும்பமானது. தமையனை அடைத்துவைத்த கோட்டை புகையிலைக் குடிலானது. பாறை நெடுந்தீவுக்கு அப்பால் ஒரு மணல்திட்டு. தோல் ஏற்றிய கப்பல் கருவாடு ஏற்றிய வள்ளம். பதினொரு வயது இருபத்தொன்றானது. பதினெட்டு வருடத்தை மாஸ்ரர் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். "உமக்குப் பதினெட்டு வருசம் சிறை போற வயதில்லை," என்று விளக்கமும் சொன்னார். சிறையின் யன்னலால் ஜேம்ஸ் ஒரு நாள் தோட்டத்தில் உலாவிய பெண்ணைக் கண்டு காதலித்தான் என்றும் புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. அதை மாஸ்ரர் வெட்டிவிட்டார். ஹோம் ஒஃபிஸுக்குக் காதல் தேவையில்லை என்பது அவருடைய கருத்து. அரசன் விடுதலையான இடத்தோடு கேஸ் முடிந்தது. அதற்குப் பிறகு யோகராஜா கொழும்புக்குத் தப்பிவந்து இலண்டனுக்கு ஏறியதாக இரண்டு வரி.

வாக்குமூலம் தபாலில் போனது. யோகராஜா நான்கு ஞாயிறு பாடமாக்கினான். மாஸ்ரர் அவனுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தார். "தெரியாது எண்டு மட்டும் வாயைத் திறக்காதையும். என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லும். ஓம் எண்டவனை ஒருத்தரும் திருப்பி அனுப்பினதில்லை."

குரோய்டன் பக்கம் ஒரு உயர்ந்த கட்டடத்தின் எட்டாம் மாடியில் நேர்முகம். சின்ன அறை, ஒரு மேசை, நான்கு கதிரை. மொழிபெயர்க்க ஹரோவிலிருந்து கல்யாணசுந்தரம் என்பவர் வந்திருந்தார். மதுரைக்காரர், பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, திருநீறு பூசி, பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். அதிகாரியின் பெயர் மக்லீஷ். ஐம்பத்தெட்டு வயது, நரைத்த மீசை, முன்னால் ஒரு பிளாஸ்க். அவர் ஸ்கொட்லாந்தில் பேர்த் என்ற ஊரைச் சேர்ந்தவர். அது யோகராஜாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் அதை அவுஸ்திரேலியா என்று நினைத்திருப்பான்.

மக்லீஷ் ஒவ்வொரு கேள்வியையும் மெதுவாகக் கேட்டார். பதிலைத் தன் கையாலே எழுதினார். எழுதி முடியும்வரை அடுத்ததைக் கேட்கவில்லை. தகப்பனின் கால், சித்தப்பா, புகையிலைக் குடில், பட்டினி, மணல்திட்டு என்று யோகராஜா வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டு போனான். தமையன் பட்டினி கிடந்த இடத்தில் மட்டும் அவன் குரல் தடுமாறியது. அது பாடமாக்கியதில் இல்லை.

"உங்க சித்தப்பா விசாரணை எதாவது வெச்சாரான்னு கேக்கறாரு," என்றார் கல்யாணசுந்தரம்.

யோகராஜா திகைத்தான். வாக்குமூலத்தில் அது இல்லை. "ஓம்."

"இயற்கையான சாவுன்னு முடிவு பண்ணாங்களா?"

"ஓம்."

மக்லீஷ் எழுதினார். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"நீங்க பிடிபட்ட செய்தி வந்தப்போ அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரா?"

"ஓம், சேர்."

"சாகறதுக்கு முன்னாடி, தன்னைக் குப்பைமேட்டில புதைக்கச் சொன்னாரா?"

கல்யாணசுந்தரம் இதைக் கேட்பதற்கு முன் அதிகாரியை ஒருமுறை பார்த்தார், தான் கேட்டது சரிதானா என்று. அதிகாரி தலையசைத்தார். யோகராஜாவின் உண்மையான தகப்பன் சாவகச்சேரியில் சீனி வருத்தத்தில் இறந்து, முறையாகக் கொள்ளி வைத்து எரிக்கப்பட்டவர். ஆனால் விதி விதிதான்.

"ஓம்."

"சிறையோட ஜன்னல் வழியா தோட்டத்தில ஒரு பொண்ணைப் பாத்தீங்களா?"

மாஸ்ரர் வெட்டி எறிந்த பெண்! அவள் மனோர் பார்க்கில் குப்பைக் கூடைக்குள் கிடக்கிறாள். அவளை எட்டாம் மாடிக்கு யார் கொண்டுவந்தது? இந்த ஹோம் ஒஃபிஸுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று யோகராஜாவுக்குப் பயம் பிடித்தது.

"ஓம்," என்றான். கல்யாணசுந்தரம் அவன் ஆம் என்றதாக ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்.

மக்லீஷ் பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். "நீங்க விடுதலையாகி நாட்டுக்குத் திரும்பினீங்க. உங்க சித்தப்பா அதுக்குள்ள செத்துட்டாரு. அடுத்த வருஷம், அவரோட மகனையும் ரெண்டு பேரன்களையும் தலையை வெட்டிக் கொல்லச் சொன்னீங்களா?"

யோகராஜா வாய் திறந்தான். ஓம் என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. வாழ்க்கையில் ஒரு கோழியைக்கூட அவன் தன் கையால் அறுத்ததில்லை.

"ஐயோ, இல்லை சேர். அப்பிடி ஒண்டும் நான் செய்யேல்லை."

"ஆனா அவர் செஞ்சாரே," என்றார் மக்லீஷ். கல்யாணசுந்தரம் அதையும் அதே குரலில் மொழிபெயர்த்தார். அவருக்கு 'அவர்' யாரென்று அப்போதும் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், ஒரு அரசனை அவன் ஊர்க்காரனிடமே மறைக்கமுடியாது. மக்லீஷ் பேனாவைக் கீழே வைத்தார். தான் பேர்த் நகரத்தில் பிறந்தவன் என்றும், ஜேம்ஸ் அரசன் செத்த மடம் இருந்த தெருவால்தான் பள்ளிக்கூடம் போனதென்றும் சொன்னார். வாக்குமூலத்தின் முதல் பக்கத்திலேயே ஆளை அடையாளம் கண்டதாகவும் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் யோகராஜாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இதை உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் மிச்சத்தைச் சொன்னாரான்னு கேக்கறாரு."

"மிச்சமும் இருக்கோ?" என்றான் யோகராஜா. எல்லாம் முடிந்தது என்று தெரிந்தபின் வந்த கேள்வி அது. உண்மையாகவே அறிய விரும்பினான். ஒரு மாதமாக அந்த அரசனோடு அவன் சீவித்திருக்கிறான்.

மக்லீஷ் சொன்னார். போர்நிறுத்தம் எழுதி, பணமும் பேசித்தான் அரசனை விட்டார்கள். ஏழு வருடச் சமாதானம். இருபத்தொன்பது வயதில் ஊருக்குப் போனான். சனம் வழிநெடுகக் கூடியது. போனவன் சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வருடம் தேக்கிவைத்த ஆட்சியை ஒரேயடியாகச் செய்தான். தன்னைக் கைவிட்டவர்களின் தலையை எடுத்தான். வரி போட்டான். நல்ல சட்டங்களும் இயற்றினான். ஏழைக்கு வழக்குப் பேச ஆள் வைக்கவேண்டும் என்றான். சனம் பந்து விளையாடக்கூடாது என்றும் ஒரு சட்டம் போட்டான், தான் மட்டும் வேறு பந்து விளையாடினான். பதின்மூன்று வருடம் ஆண்டான். பகை சேர்ந்தது. ஒரு நாள் பேர்த்தில் அவன் தங்கியிருந்த மடத்துக்குள் ஆட்கள் வாளோடு புகுந்தார்கள். அரசன் தரைப் பலகையைக் கிளப்பி, கீழே ஓடிய கழிவு வாய்க்காலுக்குள் இறங்கினான். அந்த வாய்க்கால் மதிலுக்கு வெளியே போய்த் திறக்கும். தப்பியிருக்கலாம். ஆனால் மூன்று நாளுக்கு முந்தி, பந்துகள் உருண்டு அதற்குள் விழுகின்றன என்று சொல்லி, அந்த வாயைக் கல் வைத்து அடைக்கச் சொன்னவன் அவனேதான்.

கல்யாணசுந்தரம் மொழிபெயர்த்து முடித்துவிட்டு, தன் பாட்டில் "அடப்பாவமே," என்றார். அது மொழிபெயர்ப்பில் சேராது.

யோகராஜா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"அவரை ஆர் திரும்பி வரச்சொன்னது?" என்று கேட்டான்.

மக்லீஷ் யோசித்தார். "நிறையப் பேருன்னு சொல்றாரு. எல்லாருக்குமே அவர் வரணும்னுதான் ஆசையாம்."

"என்ரை அண்ணையை நான்தான் வரச்சொன்னனான்," என்றான் யோகராஜா.

கல்யாணசுந்தரம் அதை மொழிபெயர்க்கவில்லை. அவனையே பார்த்தார். மக்லீஷ் அவரைப் பார்த்தார். பிறகு அவர் மொழிபெயர்த்தார். மக்லீஷ் புதிய தாளொன்றை எடுத்து, பன்னிரண்டு என்று இலக்கமிட்டார்.

யோகராஜா சொன்னான். தமையன் குலசேகரம் எண்பத்தைந்தில் மெட்ராசுக்குப் போனவன். இயக்கத்தில் சேரவில்லை, சேர்ந்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தான். ஊரில் தமையனின் மனைவி சிவமலரும் யோகராஜாவும். எண்பத்தேழில் ஒப்பந்தம் வந்தது, சமாதானம் என்றார்கள், றோட்டில் பட்டாசு கொளுத்தினார்கள். யோகராஜா தமையனுக்குக் கடிதம் எழுதினான். அண்ணை, பிரச்சினை முடிஞ்சுது, இனிப் பயமில்லை, வாங்கோ. தமையன் வந்தான். வந்து ஒன்பதாம் நாள் சந்தியில் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

"யார் சுட்டதுன்னு கேக்கறாரு."

ஓம் என்று சொல்லமுடியாத கேள்வி. மாஸ்ரர் தடைசெய்த சொல்லை யோகராஜா அப்போது சொன்னான்.

"தெரியாது, சேர். அந்தக் கிழமை மூண்டு பகுதியும் சுட்டுக்கொண்டிருந்தவை."

சவம் எடுக்கப்போன இடத்தில் யோகராஜாவை ஆமிக்காரர் பிடித்தார்கள். ஏழு கிழமை முகாமில் வைத்து, அண்ணனின் மெட்ராஸ் சிநேகிதர் யாரென்று கேட்டார்கள். அவர்கள் விட்டபின் வேறொரு பகுதி பிடித்து, முகாமில் என்ன சொன்னாய் என்று கேட்டது. தொண்ணூறில் முதலில் பிடித்தவர்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். அவர்களிடமும் அவன் பெயர் இருந்தது. குழாய், தலைகீழ்த் தொங்கல் ஒன்றும் அவன் சொல்லவில்லை. அடித்தார்கள் என்றான். எங்கே என்று கேட்டதற்குச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். மக்லீஷ் பார்த்துவிட்டுப் போதும் என்றார்.

"இதை முதல்லயே ஏன் சொல்லலைன்னு கேக்கறாரு."

"கடிதம் எழுதினது நான் எண்டதையும் சொல்லவேண்டி வருமே, சேர்."

எழுதிய பக்கங்களை விண்ணப்பக்காரர் ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தவேண்டும். மொத்தம் பதின்மூன்று பக்கம். மக்லீஷ் அவற்றை அவன் முன்னால் வைத்தார். முதல் பதினொரு பக்கத்தையும் வெட்டினால் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டதாகும், அது கேஸுக்குக் கெடுதல், அதைச் சொல்லவேண்டியது தன் கடமை என்றார். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

யோகராஜா ஜேம்ஸ் அரசனைப் பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு போட்டு வெட்டினான். கடைசி இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வைத்தான். வெளியே வந்தபோது கல்யாணசுந்தரம் பின்னால் ஓடிவந்தார். மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பக்காரரோடு பேசக்கூடாது என்பது விதி. அவர் பேசவில்லை. லிப்டின் பொத்தானை மட்டும் அவனுக்காக அமத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

சித்திரையில் போர்நிறுத்தம் முறிந்தது. ஐப்பசியில் முழு யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்தது. கார்த்திகையில் யோகராஜாவுக்குக் கடிதம் வந்தது. முதல் பந்தி, விண்ணப்பக்காரர் தன்னைப் பற்றிக் கூறியவற்றில் பெரும்பகுதி அவரைப் பற்றியது அல்ல என்றது. இரண்டாம் பந்தி, மீதிப் பகுதியை நம்பாதிருக்கக் காரணமில்லை என்றது. அகதி என்று ஏற்கவில்லை. ஆனால் ஒரு வருடம் இருக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். அவன் கடையின் பின்பக்கம், வெறும் பெட்டிகளுக்கிடையில் நின்று மூன்று முறை வாசித்தான். திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பதை மூன்றாம் தரம்தான் உடம்பு நம்பியது.

"நான் சொன்னனான்தானே!" என்றார் குகதாசன் மாஸ்ரர், கோயில் வாசலில் வைத்து, பத்துப் பேருக்குக் கேட்கும்படி. "அரசன் கைவிடமாட்டான்."

நடந்ததை யோகராஜா அவருக்குச் சொல்ல முயன்றான். மாஸ்ரர் கேட்கும் நிலையில் இல்லை. அதற்குள் இரண்டு பேர் தங்களுக்கும் ஒரு அரசன் வேண்டும் என்று வந்து நின்றார்கள். அதே ஸ்கொட்லாந்தில், பதினொரு வருடம் இங்கிலாந்தில் சிறையிருந்த இன்னொருவன் இருக்கிறானாம். மாஸ்ரர் ஏற்கனவே புத்தகத்தை எடுத்துவிட்டார்.

"மாஸ்ரர், அவையிட்டை அவையின்ரை கதையைக் கேளுங்கோ," என்றான் யோகராஜா.

"கேட்டனான். சொல்லமாட்டினமாம்," என்றார் மாஸ்ரர். முதன்முறையாக அவர் குரல் தாழ்ந்தது. "ஒருத்தரும் சொல்லுறேல்லை, யோகு. அதாலைதானே நான் எழுத வேண்டிக்கிடக்கு."



அடுத்த ஞாயிறு காலை அவன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ரெலிபோன் பெட்டிக்குள் போய்ச் சிவமலருக்கு எடுத்தான். அண்ணி இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தாள். கீழே கடையில் ரெலிபோன். பையனை விட்டுக் கூப்பிடுவித்து, அவள் படியிறங்கி வந்து எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். விசா கிடைத்த செய்தியைச் சொன்னான். அவள் முருகனுக்கு நன்றி சொன்னாள். இனி வைத்துவிடலாம். அவன் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்லாமல் இருப்பது அயோக்கியத்தனம் என்று அவனுக்குப் பட்டது.

"அண்ணி, ஒண்டு சொல்லவேணும். அண்ணையை வரச்சொல்லி மெட்ராசுக்குக் கடிதம் போட்டது நான்."

யோகராஜா இன்னொரு நாணயத்தைப் பெட்டிக்குள் போட்டான்.

"தெரியும், தம்பி."

"தெரியுமோ?"

"அந்தக் கடிதம் திரும்பி வந்தது. ஆள் இல்லை எண்டு எழுதி. நீங்கள் காம்பில இருக்கேக்க வந்தது. என்னட்டைத்தான் இருக்கு."

யோகராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன் கடிதத்தைத் தமையன் காணவேயில்லை. எட்டு வருடப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. அவ்வளவு நிம்மதி அவனுக்கு விசாக் கடிதத்தில்கூட வரவில்லை.

"அப்ப அண்ணை எப்பிடி..."

"நான் அதுக்கு முதல் கிழமையே எழுதினனான்," என்றாள் சிவமலர். "வாங்கோ எண்டு. என்ரை கடிதத்தைப் பார்த்துத்தான் வெளிக்கிட்டவர்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எட்டு வருடமாகத் தினமும் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிச் சாதாரணமாகிப்போன குரல் அது. யோகராஜாவுக்குத் தன்னுடைய நிம்மதியை நினைக்க வெட்கமாக இருந்தது.

"அண்ணி," என்றான். "போய்ச் சேராட்டிலும் எழுதினது எழுதினதுதான். உங்கட கடிதம் பிந்தியிருந்தால் என்ரையைப் பார்த்து வந்திருப்பார். நாங்கள் ரெண்டு பேரும்தான் கூப்பிட்டனாங்கள்."

வெள்ளவத்தையில், கடையில் நின்றவர்களுக்கு முன்னால், சிவமலர் அழத் தொடங்கினாள். செத்தவீட்டில்கூட அவள் அழுததை அவன் கேட்டதில்லை. முகாமில் இருந்தான். இப்போது கேட்டான். அவள் அழுது முடியும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.